கருவியும் கைவண்ணமும்



இலக்கியம் பற்றிப் பேசும்போது நாம் புலவனைப் பற்றிப் பேசுகிறோம். அவன் பாடிய பொருளைப் பற்றிப் பேசுகிறோம். யாப்பு, அணி, மெய்ப்பாடு என்றெல்லாம் பகுத்து ஆராய்கிறோம். ஆனால் அவன் எதைக் கொண்டு எழுதினான், எதன்மேல் எழுதினான் என்பதை அதிகம் சிந்திப்பதில்லை. எழுதுகருவியும் ஒரு வகையிற் படைப்பின் பங்காளியே. இன்றைய உரையில் அந்தப் பங்காளியின் கதையைச் சொல்லலாம் என எண்ணுகிறேன்.

இவ்வெண்ணத்தை என்னுள்ளே தூண்டியவன் ஒரு மாணவன். உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவன். இப்பொழுது பல்கலைக்கழகமொன்றில் வடிவமைப்புக் கலை பயில்கிறான். சிறு பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகத்துக்கு ஏற்ற தமிழ் எழுத்துரு ஒன்றை ஆக்குவதே அவன் தனது இறுதியாண்டுச் செயற்றிட்டமாக எடுத்துக்கொண்ட வேலை. ஆங்கில எழுத்தின் கோடுகளையும் வளைவுகளையும் கணனித் திரையில் வெட்டி ஒட்டித் தமிழ் எழுத்தாக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு. அவனும் முதலில் அவ்வாறே செய்து பார்த்தான். இரண்டு நாளில் வேலை முடிந்துவிட்டது. எழுத்துகளும் ஒழுங்காகவே இருந்தன. ஆயினும் அவனுக்குத் திருப்தி ஏற்படவில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அந்தத் தாள்களை என் முன்னே விரித்து வைத்துவிட்டுக் கேட்டான்:

"சேர், நாங்கள் எழுதிற இந்த வடிவம் எங்கட கையில இருந்து வந்ததோ? இல்லாட்டி அந்தந்தக் காலத்துக் கருவி தந்ததோ?"

அவனுக்கு நான் சொன்னவற்றையே இங்கு சற்று விரித்துச் சொல்கிறேன். இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின் ஓலையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓலையில் எழுதுவது என்பது உண்மையிற் கீறுவதாகும். எழுத்தாணியின் கூர் ஓலையின் மேற்பரப்பைக் கீறிச் செல்லும். பின்னர் கரி தடவித் துடைத்தால் எழுத்துத் துலங்கும். ஓலையின் நார் நீளவாட்டில் ஓடுவது. அந்த வாட்டில் அழுத்திக் கோடிழுத்தால் ஓலை கிழிந்துவிடக்கூடும். அழுத்திப் புள்ளி குத்தினால் துளை விழக்கூடும். எனவே ஏடு எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டே எழுதினர்.

இதனால் விளைந்தது சிறிய சங்கடம் அன்று. மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியர் விதி. ஏட்டிலே புள்ளி மறைந்தபோது குறிலும் நெடிலும் ஒரே வடிவமாகிவிட்டன. கெடு என்பதும் கேடு என்பதும் ஒன்று. கொடி என்பதும் கோடி என்பதும் ஒன்று. போதாக்குறைக்கு ரகரத்தையும் காலையும் ஒரே மாதிரி எழுதும் வழக்கமும் இருந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழைய ஏடுகளைப் பதிப்பிக்கப் பட்ட பாட்டில் ஒரு பங்கு இந்தப் புள்ளியில்லா எழுத்தால் வந்ததே. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகார நெடில்களுக்கு வேறு வடிவம் வகுத்தார் என்பது நாம் அறிந்த வரலாறு. புள்ளி இட முடியாத இடத்தில் ஒரு சுழியை இட்டு அவர் அந்த மயக்கத்தைத் தீர்த்து வைத்தார்.

அப்படியானால், எழுத்தின் வடிவத்தைக் கருவிதான் தீர்மானித்தது என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. ஓலையில் எழுதப்பட்டதால் நமது எழுத்துகள் வளைந்தன என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் க, ச, த ஆகிய எழுத்துகளைப் பாருங்கள். கிடைக்கோடும் நிலைக்கோடும் அவற்றில் இன்றும் இருக்கின்றன. நம்மோடு இந்நாட்டில் வாழும் சிங்கள மக்களும் ஓலையில் எழுத்தாணி கொண்டே எழுதினர். அவர்களுடைய எழுத்து நம்முடையதைவிட மிகவும் உருண்டு திரண்டு நிற்கிறது. ஒரே வகைக் கருவி. ஆயினும் இருவேறு அழகுகள். ஆகவே கருவி எல்லையை வகுக்கிறது; அந்த எல்லைக்குள் எந்த வழியாக நடப்பது என்பதை மனிதன் தேர்ந்துகொள்கிறான்.

அடுத்து வந்தது அச்சு. 1578 ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறுநூல். தமிழெழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்ட தொடக்க காலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தரங்கம்பாடி மிஷனரிமாருக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பருமனானவை, தாளை விழுங்கின. தாளோ அருமையான பொருள். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். எழுத்தின் அளவு சுருங்கியதற்குக் காரணம் தாளின் தட்டுப்பாடு என்பதைக் கவனியுங்கள்.

அச்சு எழுத்தின் வடிவத்தை மட்டுமன்றி இலக்கியத்தின் வடிவத்தையும் மாற்றியது. ஏட்டுக் காலத்தில் ஒரு நூல் நிலைக்க வேண்டுமானால் அது நெஞ்சில் நிற்க வேண்டும். அதற்குச் செய்யுள் வேண்டும். ஆயிரம் பிரதிகள் அடிக்கக்கூடிய யந்திரம் வந்தபோது உரைநடை தலைநிமிர்ந்தது. ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். 1852 இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். பிள்ளைகளுக்குப் பாலபாடங்கள் எழுதினார். யந்திரம் தனக்குத் தெரிந்ததைச் செய்யட்டும் என்று அவர் வாளாவிருக்கவில்லை. சந்தி பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்டு, வாசிப்பவனின் கண்ணுக்கு வழி செய்தார். 1885 இல் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' வெளிவந்து ஈழத்துத் தமிழ் நாவலுக்குத் தொடக்கமாயிற்று. அச்சு இல்லாத நாவலை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா?

மூன்றாவதாக வந்தது தட்டச்சுப் பொறி. நமக்கு 247 எழுத்துகள். பொறியிலோ ஐம்பதுக்கும் உட்பட்ட விசைகள். இந்தப் பெருஞ் சிக்கலை அவிழ்க்க முனைந்தவர்களுள் முன்னோடி யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயா, சிங்கப்பூர் நாடுகளுக்குச் சென்று வாழ்ந்த இரா. முத்தையா. சில விசைகளைத் தட்டும்போது மட்டும் தாள் நகராமல் நிற்கும்படி அவர் அமைத்தார். முதலிற் புள்ளியைத் தட்டி, அதன் கீழே எழுத்தைத் தட்டினால் மெய்யெழுத்து ஆயிற்று. கை எழுதும் ஒழுங்கைத் தலைகீழாக்கியே அந்தப் பொறியைத் தமிழுக்கு இசையச் செய்தார். இதுவும் ஒரு படைப்பே என்பேன்.

ஆனால் பொறிக்கு இடமளிக்க நாம் சிலவற்றைக் கைவிட்டோம். ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளை நமது பாட்டன்மார் யானைத் தும்பிக்கைபோல வளைத்துச் சேர்த்து எழுதினார்கள். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வளைவுகள் இருந்தன. அச்சுக்கோப்போருக்கும் தட்டச்சுச் செய்வோருக்கும் இவை கூடுதற் சுமை. கற்கும் பிள்ளைக்கும் சுமை. 1935 இல் பெரியார் தமது 'குடி அரசு' இதழில் இவற்றை எளிமையாக்கினார். 1978 இல் தமிழ்நாட்டு அரசு பதின்மூன்று எழுத்துகளில் அந்த மாற்றத்தை ஏற்றது. நாளடைவில் நம் நாட்டு அச்சிலும் அவையே நிலைபெற்றன. அக்காலத் தேவைக்கு அது பொருத்தமான தீர்வு. அதை நான் குறை கூறவில்லை.

நான் சொல்ல வருவது வேறு. கருவி ஒன்றை எளிதாக்குகிறது, எளிதானது வழக்கமாகிறது, வழக்கம் விதியாகிவிடுகிறது. கருவி மறைந்த பின்னும் விதி நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். வௌவால் என்ற சொல்லைச் சின்னப் பிள்ளை எப்படி வாசிக்கிறது? "வெளவால்" என்று வாசிக்கிறது. பிள்ளையிற் பிழை இல்லை. ஔகாரக் குறியின் பிற்பாதியும் ளகரமும் ஒரே வடிவமாக இருப்பதே காரணம். தட்டச்சிலே அதற்குத் தனி விசை கிடையாது. கொம்பைத் தட்டி, எழுத்தைத் தட்டி, ளகரத்தைத் தட்டினோம். நம்மவர் மத்தியில் மிகவும் பரவிய பாமினி எழுத்துருவிலும் அதுவே முறை. அக்காலத்து எழுத்துருக்களில் எல்லாக் குறிகளுக்கும் சேர்த்து இருந்த இடம் 256 மட்டுமே. இன்று நிலைமை அப்படியல்ல. 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இன்றைய எழுத்துரு ஒன்றுக்குள் அறுபத்தையாயிரம் வடிவங்கள்வரை வைக்கலாம். பிள்ளைகளைத் தடுமாறவைக்கும் அந்த ஒற்றுமைக்கு இனி நியாயம் ஏது? ஆயினும் இன்றும் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன.

இதை நான் சொன்னபோது மாணவனின் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது.

"அப்ப சேர், நான் வெட்டி ஒட்டினது இங்கிலிஷ் எழுத்தை மட்டுமில்லை, பழைய பொறியின்ர குறையையும் சேர்த்துத்தான்" என்றான்.

"ஓம் தம்பி. கணனியைத் தூக்கி எறியச் சொல்லேல்லை. அது உனக்கு எங்க இடம் தருகுது எண்டு பார்" என்றேன்.

அவன் செய்த முதற் காரியம் கணனியை மூடி வைத்ததுதான். ஒரு மாதம் பென்சிலாலும் தூரிகையாலும் எழுதினான். வயதானவர்களின் பழைய கடிதங்களைத் தேடிப் பார்த்தான். பின்பு மீண்டும் கணனியின் முன் அமர்ந்தான். கி, தி, ழி என்பவற்றுக்கெல்லாம் ஒரே விசிறியைக் கொண்டுவந்து பொருத்தாமல், அந்தந்த எழுத்தின் தோளுக்கு ஏற்றபடி தனித்தனியே வரைந்தான். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்கினான். ஔகாரக் குறியின் பிற்பாதியைச் சிறுக்க வைத்து ளகரத்திலிருந்து பிரித்தான். வீரமாமுனிவர் ஏகாரத்துக்குச் செய்ததும் இவன் செய்ததும் தன்மையில் ஒன்றே. இருவரும் கருவி உண்டாக்கிய மயக்கத்தைக் கண்டு, மொழியின் பக்கம் நின்று தீர்த்தவர்கள். இவனுடைய வேலை இன்னும் முடியவில்லை. இரண்டு நாளில் முடிந்தது இப்பொழுது எட்டு மாதமாகத் தொடர்கிறது.

நேயர்களே, இஃது ஏதோ ஒரு மாணவனின் பரீட்சை விடயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம்முடைய பஸ்களிலும் காரியாலயங்களிலும் தொங்கும் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலுமாகச் சிதறிக் கிடக்கும். ஆங்கிலத்துக்கு அளந்த வரிக்குள் தமிழை அடைத்ததால் மேலே விசிறியும் கீழே உகரத்தின் வாலும் வெட்டுண்டு போயிருக்கும். தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாத செயலி ஒன்று தந்ததைத் தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் அப்படியே அடித்துத் தொங்கவிட்டிருப்பார். கேட்டால், "கொம்பியூட்டரில் அப்படித்தான் வந்தது" என்பார்கள். அந்தப் பலகையைப் பார்த்து எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்வது?

இன்று சொன்னவுடன் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. அதனிடம் தமிழில் ஒரு சொல் எழுதிய பெயர்ப்பலகையை வரையச் சொல்லி, கிடைத்த படத்தை அம்மாணவன் எனக்குக் காட்டினான். தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ். கிட்டச் சென்றால் ஓர் எழுத்தும் எழுத்தாக இல்லை. இத்தகைய கருவிகள் நாளுக்கு நாள் திருந்தும். ஆனால் அது தமிழா, தமிழின் சாயலா என்று கண்டு சொல்லக்கூடிய ஒரு கண் எப்போதும் வேண்டும். அந்தக் கண்ணைக் கருவி தராது. கையெழுத்துப் பயிற்சியும் ஏட்டறிவும் இலக்கணமுமே தரும்.

ஆகவே, பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் கணனி பழகட்டும், மிக நன்று. அதனுடன் கையால் எழுதவும் பழகட்டும். வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பழைய ஏட்டையும் பாட்டனாரின் கடிதத்தையும் அவர்களுக்கு எடுத்துக் காட்டுங்கள். தும்பிக்கை வைத்த அந்த லையை வாசிக்கச் சொல்லுங்கள். கலியாண அழைப்பிதழோ கடைப் பெயர்ப்பலகையோ அடிப்பிக்கும்போது, ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்துத் திருத்துவியுங்கள்.