நாற்காலிக் கணக்கு
(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள், ஐந்து நிமிடத்தில் முடிப்பேனா என்பது சந்தேகம்தான். நீங்கள் கொடுத்த பணத்துக்குக் கணக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன வருஷம் ஆடியில் என் மகளுக்கு முப்பதாவது வாரத்திலேயே வலி வந்துவிட்டது. இரட்டைக் குழந்தைகள். பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் பச்சிளங்குழந்தைகளுக்குப் படுக்கை இல்லை என்றார்கள். 108 வண்டியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண் 1 கிலோ 180 கிராம், பையன் 980 கிராம். நம் வீட்டில் ஒரு பாக்கெட் உப்பு ஒரு கிலோ. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் அந்த ஞாபகம்தான்.

அந்த வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரல் முழுசாக விரியாது, உடம்பில் கொழுப்பு இல்லாததால் சூடும் தங்காது. பையன் ஆறாம் நாள் போய்விட்டான். பெயர்கூட வைக்கவில்லை. அவன் காலில் கட்டியிருந்த பட்டையில் என் மகள் பெயரும் 'இரட்டையர் 2' என்றும் எழுதியிருந்தது. அந்தப் பட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது.

பெண் 46 நாள் உள்ளே இருந்தாள். அவளைப் பிழைக்க வைத்ததில் மெஷினுக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பிரிவின் சிஸ்டர்களுக்கும் அவ்வளவு பங்கு. கொஞ்சம் தேறியதும் குழந்தையைத் துணியில் சுற்றாமல் அம்மாவின் வெறும் மார்பில் படுக்க வைத்துக் கட்டிவிட்டார்கள். கங்காரு முறை என்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி போதாமல் திண்டாடிய கொலம்பியா நாட்டு ஆஸ்பத்திரியில், 1978-இல் எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கியது. வேறு வழியில்லாமல் செய்தது இன்று வைத்தியமாகிவிட்டது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று அதில் கண்டார்கள். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எட்டு மணி நேரம்! சிசேரியன் தையலோடு என் மகள் எதில் உட்கார்ந்தாள் தெரியுமா? பிளாஸ்டிக் நாற்காலியில். முதுகுக்குத் தலையணையை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவளால் முடியாதபோது மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். முதல் நாள் கூச்சப்பட்டார், மறுநாளிலிருந்து நாங்கள் கேட்டாலும் குழந்தையைத் தரமாட்டேன் என்றார்.

இந்த ஆடியில் பேத்திக்கு முதல் பிறந்த நாள். மண்டபம் வேண்டாம், அந்தப் பிரிவுக்கு ஏதாவது செய்வோம் என்று வீட்டில் முடிவு செய்து, நம் வாட்ஸ்அப் குழுவில் உங்களிடமும் கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒரு பெரிய மெஷின் வாங்கி அதில் பையன் ஞாபகமாக ஒரு பித்தளைத் தகடு பதிக்க வேண்டும் என்றுதான் ஆசை. பெயரில்லாத பிள்ளைக்குத் தகட்டில் என்ன எழுதுவது என்று அப்போது யோசிக்கவில்லை.

அங்கே பெரிய டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். "மெஷின் அரசாங்கத்திலிருந்து வருகிறதம்மா. அம்மாக்கள் சாய்ந்து உட்கார நாற்காலிதான் இல்லை" என்றார். பால் பவுடர் டின், பாட்டில் வாங்கித் தரட்டுமா என்றதும் சிரித்துவிட்டார். அதை இலவசமாக விநியோகிக்க 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டிருக்கிறது. தாய்ப்பாலை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆகவே சி பிளாக்கில் பால் டின் வாங்கி வைத்திருந்தவர்களே, நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது புரிந்திருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கணக்கு இதுதான். 71 வீடுகளிலிருந்தும் என் பழைய பள்ளிக்கூடத்துக்காரர்களிடமிருந்தும் வந்தது 2,14,600 ரூபாய். இதில் நம் வாட்ச்மேன் கொடுத்த 200 ரூபாயும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. சாய்வு நாற்காலி எட்டு, ஒன்று 14,500 வீதம் 1,16,000. குழந்தையின் காலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சென்சார் முப்பது, 27,000. இது அடிக்கடி பழுதாகும், எத்தனை இருந்தாலும் போதாது. குழந்தையை மார்போடு கட்டும் துணிக்கு 9,600. தையற்கூலி இல்லை, ஏ பிளாக் பெண்கள் நாலு பேர் அறுபது தைத்துக் கொடுத்தார்கள். ஆக மொத்தம் 1,52,600. மீதி 62,000 வங்கியில் இருக்கிறது. யார் கையிலும் ரொக்கமாக எதுவும் கொடுக்கவில்லை. நாற்காலியும் சென்சாரும் டீனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றிய பக்கத்தின் நகலோடு ரசீதுகளும் நோட்டீஸ் போர்டில் இருக்கின்றன.

அரசு ஆஸ்பத்திரிக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும், வரிதான் கட்டுகிறோமே என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயம். அவருக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அரசாங்கம் நாற்காலி வாங்கும்வரை என் மகளைப் போல ஒருத்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள் என்று மட்டும் சொன்னேன். அவர் 2,000 ரூபாய் அனுப்பினார், கேள்வியை வாபஸ் வாங்கவில்லை.

மீதிப் பணத்தில் நாற்காலிகளில் நம் குடியிருப்பின் பெயரை எழுதலாம் என்று கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. எனக்குச் சம்மதமில்லை. ஒரு நாற்காலியின் ரெக்சின் இப்போதே கிழிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்குப் பழுது பார்க்கவும் சென்சார் வாங்கவும் அந்தப் பணத்தை வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. இன்றைக்கே கைதூக்கி முடிவு செய்துவிடுங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் எனக்குச் சரி.

தைத்த துணிகளை வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டு போகிறோம். வேனில் நாலு பேருக்கு இடம் இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள், வாசலிலேயே சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். போட்டோ எடுக்க வேண்டாம். சளி, இருமல் இருப்பவர்கள் தயவுசெய்து இந்த முறை வராதீர்கள்.