பெயரும் எண்ணும்

நேயர்களே, கெடிலக் கரையிலுள்ள எங்கள் திருவதிகை, பெயர் மாற்றத்தின் பெருமையை அறிந்த ஊர். தருமசேனர் என வழங்கப்பெற்றவர், இங்கே சூலைநோய் நீங்கி நாவுக்கரசர் ஆனார். பெயர் மாறினும் ஆள் ஒருவரே. கணிப்பொறிகளின் உலகிலோ இதற்கு நேர்மாறு. அங்கே பெயர் நிலைத்திருக்கும். அது குறிக்கும் எண் மாறிவிடும். அதனால் விளையும் தொல்லையை அண்மையில் ஓர் இரவு நான் அனுபவித்தேன்.

மறுநாள் காலை என் தமக்கையின் மகளுக்குக் கடலூரில் தேர்வு. நுழைவுச் சீட்டை அச்சிட வேண்டும். கணிப்பொறியோ அச்சுப்பொறியைக் காணவில்லை என்று கைவிரித்துவிட்டது. சற்று முன்புதான் மின்சாரம் நின்று வந்திருந்தது. "கம்பி எங்கோ அறுந்துவிட்டது போலும், மாமா" என்றாள் அவள். நானும் கம்பிகளைக் கழற்றி மாட்டி அரைமணி நேரத்தை வீணாக்கினேன்.

பிறகே அறிவு வேலை செய்தது. வீட்டு வலையில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. அதனை வழங்குவது ரௌட்டர். அச்சுப்பொறியின் சிறு திரையில் 192.168.1.15 என்ற எண் தெரிந்தது. 'பிங்' என்னும் கட்டளையால் அவ்வெண்ணை அழைத்தேன். உடனே மறுமொழி வந்தது. ஆகவே கம்பியில் பழுதில்லை. அடுத்து, பெயரைச் சொல்லி அழைத்தேன். கணிப்பொறி 192.168.1.12 என்ற எண்ணைத் தேடிச் சென்று வெறுங்கையோடு திரும்பியது.

பிறரைக் கேட்பதற்கு முன், கணிப்பொறி தன்னிடமுள்ள 'ஹோஸ்ட்ஸ்' என்னும் குறிப்பேட்டைப் பார்க்கும். சென்ற ஆண்டு அதில் அந்தப் பழைய எண்ணை எழுதிவைத்தவன் நானேதான்! மின்சாரம் வந்தபின் ரௌட்டர் புதிய எண்ணைக் கொடுத்தது. என் குறிப்போ பழையதையே பற்றிக்கொண்டிருந்தது.

இத்தொல்லை பெரிய வலைகளுக்கும் நேர்ந்ததுதான். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில், பெயர்களையும் எண்களையும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கழகம் ஒரே பட்டியலில் வைத்துக் காத்தது. மற்றவர்கள் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். கணிப்பொறிகள் பெருகவே, படிகள் விரைவில் பழையனவாயின. 1983-ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், அப்பட்டியலைப் பல இடங்களில் பகிர்ந்து காத்து, வேண்டும்போது கேட்டறியும் 'டி.என்.எஸ்.' முறையை வகுத்தார்.

நானும் என் குறிப்பை அழித்தேன். கணிப்பொறி ரௌட்டரைக் கேட்டுச் சரியான எண்ணை அறிந்தது, சீட்டும் அச்சாயிற்று. அச்சுப்பொறிக்கு என்றும் அதே எண்ணைக் கொடுக்குமாறு ரௌட்டரில் ஒதுக்கியும் வைத்தேன்.

ஆதலின் நேயர்களே, பெயர் சொல்லி அழைத்தும் மறுமொழி வராதபோது, முதலில் எண்ணால் அழைத்துப் பாருங்கள். எண் பேசுமாயின் கம்பியைத் தொடாதீர்கள், ஏட்டைத் திருத்துங்கள்.