ஓடை காட்டிய கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழிலில் தலைமை என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைமை எதையும் நான் வகித்ததில்லை. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். அதிலிருந்து கற்றதுதான் எனக்குத் தெரிந்த தலைமை.

படிக்கிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாங்கள் நாலைந்து பேர் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் நடக்கப் போய்விடுவோம். எதிரே சேர்வராயன் மலை. மழை பெய்த மறுநாள் அந்த அடிவாரத்தில் ஓடையோரம் நடந்தால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். நம்ம திருமணிமுத்தாறும் அந்த மலையில் பிறந்து, சேலம் நகரத்தைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேருகிற ஆறுதான். அன்றைக்கு அதெல்லாம் பொழுதுபோக்கு. பாடம் என்று நினைக்கவில்லை.

வேலைக்கு வந்தபின் சேகோ ஆலைகளுக்கு இயந்திரம், தொட்டி அமைத்துத் தரும் சிறு தொழில் தொடங்கினேன். இந்தத் தொழிலுக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வரத்து நின்ற நேரத்தில், 1943இல், சேலத்தில் மாணிக்கம் செட்டியார் போன்றவர்கள் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். கிழங்கைத் தோல் உரித்து, கழுவி, அரைத்து, பாலை வடிகட்டித் தெளியவைத்து, மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். சக்கையான திப்பி மாட்டுத் தீவனமாகிவிடும். கழிவுத் தண்ணீர்தான் சிக்கல். புளித்து நாறும். நிலத்தில் இறங்கினால் கிணற்றைக் கெடுக்கும்.

நாமக்கல் மாவட்டத்தில் ஓர் ஆலைக்குக் கழிவுநீர்க் குட்டை அமைக்கும் வேலை வந்தது. மூடிய தொட்டியில் காற்றுப் படாமல் நொதிக்க வைத்தால் எரிவாயு கிடைக்கும், குட்டைக்கு அடியில் கசியாத பூச்சும் வேண்டும் என்று சொன்னேன். "இந்த வருசம் கிழங்கு விலை ஏறிப்போச்சுங்க, அதெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. எனக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, வெறும் மண் குட்டையாகவே வெட்டிக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பழக்கத்தில், அந்த ஆலைக்குக் கீழே ஓடையோரம் நடந்தேன். கிணற்று மேட்டில் நின்ற பெரியவர் ஒருவர், "தண்ணி வாடை அடிக்குதுங்க தம்பி. மாடு மொகத்தத் திருப்பிக்குது" என்றார். அவர் யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. குட்டையை வெட்டியது நான் என்று அவருக்குத் தெரியாது. நானே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்ன வரைக்கும் சந்தோசம். கெணறு?" என்று கேட்டார்.

மறுநாள் முதலாளியிடம் போய், "தப்பு என்னுடையதுங்க. என் கூலி இல்லாமல் திருத்தித் தர்றேன்" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் அந்தத் தோட்டத்துக்கு லாரியில் தண்ணீர் அனுப்பச் சொன்னார்; பிறகுதான் கணக்குப் பேசினார். அதைத்தான் நான் தலைமை என்கிறேன். எனக்கு அந்த வருட லாபம் போயிற்று. பூச்சுப் போட்டோம், எரிவாயுத் தொட்டி கட்டினோம். வறுக்கிற அடுப்புக்கு விறகுச் செலவு குறைந்தது. கிணறு தெளிய மட்டும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

அரசுக் கொள்கை பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது, நம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் வந்தது. சட்டம் வேண்டும்தான். ஆனால் குட்டை வெட்டும் நாளில் பக்கத்தில் நிற்பது சட்டமல்ல, பொறியாளர். அதேபோல் சின்ன ஆலைக்காரர் தனியாளாகச் செலவைத் தாங்குவது கடினம். இடைத்தரகர் பிடியிலிருந்து தப்ப 1981இல் ஆலைக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து சேகோசர்வ் அமைத்தார்கள். சரக்கை ஓரிடத்தில் இருப்பு வைத்து ஒப்பந்தப்புள்ளி மூலம் விற்கிறார்கள். விலைக்காகச் சேர முடிந்தவர்கள் தண்ணீருக்காகவும் சேரலாம் என்பது என் கருத்து.

தம்பி தங்கைகளே, நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும், வேலை முடிந்து பணம் வாங்கியபின், அந்த வேலைக்குக் கீழ்ப்பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள். அங்கே இருக்கிறவரிடம் பேசுங்கள். உங்களுக்கு மதிப்பெண் போடுபவர் அவர்தான்.