கருவிழியின் அளவும் மனித இனங்களும்



கண்ணின் முன்புறத்தே கைக்கடிகாரக் கண்ணாடிபோல் வளைந்து நிற்கும் படலமே கார்னியா எனப்படும் கருவிழிப் படலம். அதன் வளைவின் ஆரம் ஏறத்தாழ 7.8 மில்லிமீட்டர். நடுப்பகுதியின் கனமோ அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். உலகின் பல இன மக்களிடத்தும் மருத்துவர்கள் இவற்றை அளந்து ஒப்பிட்டு வருகின்றனர்.

"அளவு" என்றதும் நம்மவர் ஐயுறுவது இயல்பே. நம் முன்னோரின் மூக்கையும் ஒரு காலத்தில் அளந்தார்கள் அல்லவா? 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலம் மிக மிகச் சாதியின் தகுதி குறையும் என்று எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த தர்ஸ்டனும் அளவுகோலும் கையுமாக ஊர் ஊராய்த் திரிந்தார். அண்ணல் அம்பேத்கர் செய்ததுதான் வியப்பு. அளவையே வேண்டாமென அவர் ஒதுக்கவில்லை. 1948இல் தீண்டப்படாதார் யார் என ஆராய்ந்த நூலில், அந்த மூக்களவுப் பட்டியல்களையே எடுத்து வைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வெவ்வேறு இனத்தவர் என்பதற்கு அவற்றில் ஆதாரமில்லை என்று நிறுவினார். எதிரியின் கணக்கைக் கொண்டே எதிரியை மடக்கிய அந்த அதிகாரத்தை இளைஞர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

கருவிழிக்கு வருவோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கருவிழி, சராசரியாக வெள்ளையருடையதைவிட ஏறத்தாழ 20 மைக்ரான் மெல்லியது எனக் கண்டனர். ஆனால் ஒரே இனத்தாருக்குள்ளேயே ஆளுக்கு ஆள் 100 மைக்ரானுக்கு மேலும் வேறுபடுகிறது. ஆகவே கருவிழியை மட்டும் அளந்து, இவர் இன்ன இனத்தவர் என்று எவராலும் சொல்ல முடியாது. எனினும் இந்தச் சிறு வேறுபாட்டை அறிவதால் பயனுண்டு. கண்ணின் உள்ளழுத்தத்தைக் கருவிழியை அழுத்தியே அளக்கிறார்கள். படலம் மெல்லியதாயின் கருவி உண்மைக்குக் குறைவாகக் காட்டும். பார்வையைப் பறிக்கும் கண்ணழுத்த நோய் அதனால் கவனிக்கப்படாமலே போகலாம்.

நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று. இங்கிலாந்தில் கருவிழி கூம்பாகப் பிதுங்கும் நோயை ஆராய்ந்தபோது, அங்குள்ள வெள்ளையரைவிடத் தெற்காசிய வழியினரிடம் அது பல மடங்கு மிகுந்திருக்கக் கண்டனர். ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கும் பழக்கத்தையும், நெருங்கிய உறவில் மணம் செய்வதையும் காரணங்களாகச் சந்தேகிக்கிறார்கள். அத்தை மகள், மாமன் மகன் என்று விடாப்பிடியாய் நிற்கும் பெரியவர்கள் என்மீது கோபிக்க வேண்டாம்! இந்நோய் பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல், படிக்கும் பருவத்திலேயே தொடங்குகிறது. அடிக்கடி கண்ணாடியை மாற்றியும் கரும்பலகை தெளியாத பிள்ளையைப் படிப்பில் மந்தமென்று திட்டாதீர்கள். கருவிழியின் வளைவை அளக்கச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டால், புற ஊதாக் கதிரும் வைட்டமின் மருந்தும் கொண்டு பிதுக்கத்தை நிறுத்தலாம். முற்றினால் மாற்றுக் கருவிழி பொருத்த நேரிடும்.

அந்த அறுவை முதன்முதலாக 1905இல் வெற்றி பெற்றது. செய்தவர் மருத்துவர் சிர்ம். கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லாமையால், கொடுப்பவர் இரத்தப் பிரிவைக்கூட வழக்கமாகப் பார்ப்பதில்லை. சாதியைக் கேட்பது எங்கே! இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. கண் வங்கிக்கு உடனே தகவல் தருவதும், அதுவரை இறந்தவரின் இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்திருப்பதும் வீட்டாரின் வேலை.