வேலன் குடிக்காத கள்



மயக்கப் பொருள்களையும் சாமியாட்டச் சடங்குகளையும் பற்றிப் பேச வாஷியைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றால் சிரிப்பீர்கள். ஆனால் இங்கிருந்து ஆட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் ஏபிஎம்சி மசாலா மார்க்கெட் வந்துவிடும். அங்கே சாதிக்காய் மூட்டை மூட்டையாக விற்பனைக்கு இருக்கிறது. திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடல் பகுதியில் முருகனின் பூசாரியான வேலன் ஒரு கண்ணி சூடி வருகிறான். அதில் சாதிக்காயும் தக்கோலக்காயும் வைத்துக் கட்டியிருப்பதாக நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. சாதிக்காயில் மிரிஸ்டிசின் என்ற வேதிப்பொருள் உண்டு. அளவு மீறித் தின்றால் நாக்கு வறளும், நெஞ்சு படபடக்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படியும் ஆகலாம். இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் வைத்தால் போதும், 'வேலனின் வெறியாட்டு என்ற சாமியாட்டம் சாதிக்காய் போதையே' என்று ஒரு கட்டுரை தயார். தயவுசெய்து யாரும் எழுதிவிடாதீர்கள். வேலன் அதைச் சூடினான். தின்றதாகப் பாட்டில் இல்லை.

சடங்குக்குப் போதையைக் காரணமாக்கும் இந்த ஆசை நம்மவர்களுக்கு மட்டும் வருவதல்ல. 1968-இல் கார்டன் வாசன், ரிக்வேதத்தின் சோமம் வெண்புள்ளியிட்ட ஒரு சிவப்புக் காளான் என்று புத்தகமே எழுதினார். 1978-இல் அவரும், எல்எஸ்டியைக் கண்டுபிடித்த ஆல்பர்ட் ஹாஃப்மனும், கார்ல் ரக்கும் சேர்ந்து, கிரேக்க எலூசிஸ் சடங்கில் குடித்த பானத்தில் எர்காட் என்ற தானியப் பூஞ்சை இருந்தது என்றார்கள். சோமம் எபிட்ரா என்ற செடியே என்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

அண்மைக் காலத்தில் கிடைத்த சான்றுகள் வேறு வகை. பாமீர் மலையின் ஜிர்சான்கல் கல்லறைகளில் கிடைத்த மரத் தணல்கலங்களில், சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் கஞ்சா புகைத்த தடயத்தை 2019-இல் காட்டினார்கள். மறு ஆண்டே இஸ்ரேலின் டெல் அராத் கோயில் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அங்கிருந்த இரண்டு பலிபீடங்களில் ஒன்றில் குங்கிலிய வகைப் பிசின், மற்றதில் சாணத்தோடு சேர்த்து எரித்த கஞ்சா. கலத்திலும் பீடத்திலும் ஒட்டியிருந்ததைச் சோதித்துச் சொன்னதால் மறுப்பதற்கு அதிகம் இல்லை.

நம் பக்கம் வருவோம். கள்ளுக்குச் சங்க இலக்கியத்தில் பஞ்சமே இல்லை. நடுகல்லுக்குப் பீலி சூட்டி, துடி அடித்து, தோப்பிக் கள்ளும் ஆடும் பலி கொடுத்ததைக் குடவாயிற் கீரத்தனார் அகநானூறு 35-இல் சொல்கிறார். அதியமான் இறந்தபின் அவன் நடுகல்லுக்குச் சிறு கலத்தில் கள் உகுப்பதைப் பார்த்து ஔவை நொந்து பாடியது புறம் 232. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் குடித்தது நக்கீரர் பாட்டு. அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா சாடிகளும் அதையேதான் சொல்கின்றன. வேலன் வரும் அதே குன்றுதோறாடலில் குறவர்கள் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளைச் சுற்றத்தோடு குடித்து, தொண்டகப் பறைக்குக் குரவை ஆடுகிறார்கள். ஆக, முருகன் இருக்கும் மலையில் கள் ஓடவில்லை என்று யாரும் வாதிட முடியாது.

ஆனால் வெறிக்களத்துக்குள் போய்ப் பாருங்கள். வெறியைப் பாடியதாலேயே பெயர் பெற்ற வெறிபாடிய காமக்கண்ணியார் அகம் 22-இல் அதை அடுக்கிக் காட்டுகிறார்: களம் இழைக்கிறார்கள், கண்ணி சூட்டுகிறார்கள், வீடே அதிரப் பாடுகிறார்கள், பலி கொடுக்கிறார்கள், செந்தினையைக் குருதியோடு தூவுகிறார்கள். நேரம் நள்ளிரவு. திருமுருகாற்றுப்படையின் பழமுதிர்சோலைப் பகுதியில் குறமகள் நடத்தும் வழிபாட்டிலும் ஆட்டுக்குருதி, நறும்புகை, குறிஞ்சிப் பாட்டு, அருவியோடு சேர்ந்து ஒலிக்கும் வாத்தியம் எல்லாம் உண்டு. சாமி ஏறுவதற்காகக் குடிக்கும் கள் இரண்டிலும் இல்லை. சிலப்பதிகார வேட்டுவ வரியில் சாமியாடும் சாலினி மயிர்க்கூச்செறிந்து, அடி பெயர்த்து ஆடுகிறாள். அவள் குடித்ததாகச் சொல்லவில்லை. கொற்றவைக்குக் கடன் கொடுத்தால்தான் உங்கள் கள்ளுண்ணும் வாழ்வு நிலைக்கும் என்று எயினர்களிடம் அவள் சொல்லும் இடத்தில்தான் கள் வருகிறது. அது அவர்கள் பங்கு.

தாராவியில் அம்மன் கொடையோ சுடலைமாடன் கொடையோ பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே குடியேறியவர்களில் பலருக்குப் பூர்வீகம் தாமிரபரணிக் கரை. சாமியாடுபவர் காப்புக் கட்டி விரதம் இருக்கிறார். அந்த நாட்களில் குடி ஆகாது. மாடனுக்குப் படையலில் சாராயமும் சுருட்டும் உண்டு. அருள் வந்தபின் அதை அவர் வாங்கிக் குடிப்பதும் உண்டு. முதலில் சாமி வருகிறது, பிறகுதான் சாராயம். இந்த முன்பின்னை மாற்றிப்போட்டுவிட்டுத்தான் நம் ஆய்வாளர்கள் பலர் போதையைக் காரணமாக்குகிறார்கள்.

அப்படியானால் எல்லாம் பறையின் வேலையா? அதையும் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள மாட்டேன். கணியான் கூத்தில் உச்ச மகுடம், மந்த மகுடம் என்ற இரண்டு பறைகளும் பக்கத்தில் பக்கத்தில் ஒலிக்கும். தோல் தளர்ந்தால் நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிக்கொண்டு வந்து மறுபடி அடிப்பார்கள். அந்த ஒலிக்கு மிக அருகில் இருப்பவர் அதை அடிப்பவர்தான். அவருக்குச் சாமி வருவதில்லை. இசையும் சாமியாட்டமும் பற்றி 1980-இல் பெரிய நூல் எழுதிய பிரெஞ்சு ஆய்வாளர் ஜில்பெர் ரூஜேயும் இதையே கவனித்தார். ஒலி தானாக யாரையும் ஆட்டுவிப்பதில்லை, ஆடவேண்டியவர் யார், எப்போது என்பதை அந்தச் சமூகம் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறது என்பது அவர் முடிவு. எனக்கும் அதில் உடன்பாடு.

உலகச் சான்றுகளில் காண்பதற்கு அரிய ஒன்று நம்மிடம் உண்டு. நம் அகத்திணை வெறிப்பாடல்கள் பல பக்தர்களின் குரலில் வருபவை அல்ல. நம்பாதவள் ஒருத்தியின் வாயால் வருபவை. மகள் மெலிந்துபோகிறாள். தாய் பயந்து வேலனைக் கூப்பிடுகிறாள். நோய்க்குக் காரணம் மலைநாட்டுக் காதலன் என்பது தோழிக்குத் தெரியும். குறுந்தொகை 362-இல் வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தனின் தோழி, 'வேலரே, கோபிக்காமல் கேளும். ஆட்டுக்குட்டியைக் கொன்று படைக்கிறீரே, இவளை வாட்டிய அந்த மார்புக்காரனும் இந்தப் பலியைத் தின்பானா?' என்ற பொருள்படக் கேட்டுவிடுகிறாள். நற்றிணை 34-இல் அந்த நக்கல் முருகன்மேலேயே திரும்புகிறது. கடவுளாகவே இருந்தாலும் விவரம் இல்லாதவன் என்று அவனிடமே சொல்கிறாள் தோழி. சடங்கின் நடுவில் நின்றுகொண்டு, சடங்கைப் பழிக்காமல், சிரித்துக்கொண்டே பார்க்கும் இந்தக் கண் எந்தக் கலத்தின் அடியிலும் ஒட்டியிருக்காது.

அதற்காகக் கலங்களைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரியா தாழிகளோடு வெண்கலச் சேவல்களையும் இரும்பு வேல்களையும் எடுத்தார். அதுபோன்ற இடங்களின் கலங்களில் என்ன ஒட்டியிருக்கிறது என்று வேதியியலார் பார்க்கட்டும். கள்ளே கிடைத்தாலும், அதைக் குடித்தது பூசாரியா, பிணத்துக்கு உரியவரா, கூட்டமா என்ற கேள்வியோடு பார்க்கட்டும்.

பிற்பகல் அமர்வுக்கு நெல்லைப் பக்கமிருந்து இரண்டு மகுடக் கலைஞர்கள் வந்திருக்கிறார்கள். சாமியாட்டத்தைப் பற்றிக் கட்டுரை வாசிப்பவர்கள் அவர்கள் காதில் விழும்படி நிதானமாக வாசியுங்கள். கேள்வி நேரத்தில் முதல் கேள்வி அவர்களுடையது. முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் இப்போது மேடைக்கு வரலாம்.