காலூன்றி நிற்கும் கொட்டகை



கால் நட்டுப் போடும் கொட்டகையைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். சுவர் வேண்டாம், வானம் தோண்டி அஸ்திவாரம் போட வேண்டாம். ஆறோ எட்டோ கால்களை நட்டு மேலே கூரை போட்டுவிட்டால் மாடு கட்டலாம், வைக்கோல் அடுக்கலாம், டிராக்டரை நிழலில் நிறுத்தலாம். பல ஊர்களில் விவசாயிகள் பொறியாளரைத் தேடாமல் ஒரு வெல்டரையும் இரண்டு ஆளையும் வைத்துத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை.

கொட்டகை போட என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது தகரத்தைப் பற்றி. எந்தக் கம்பெனி, எத்தனை மில்லி கனம், நீலமா பச்சையா. "கால் குழி எவ்வளவு ஆழம் எடுப்பீங்க?" என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கோ அந்தக் குழிதான் கொட்டகை. அதனால் இன்று பெரும்பாலான நேரத்தைத் தரைக்குக் கீழேயே செலவழிக்கப் போகிறேன். கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் கூரைக்கு வருகிறேன். தகரக்காரர்கள் மன்னிக்கவும்.

கால் எதற்கு? கூரையைத் தாங்கத்தான் என்பீர்கள். நம் தாத்தா காலத்தில் அது சரி. ஓடு வேய்ந்த தொழுவத்தில் மரச்சட்டத்தோடு சேர்த்துச் சதுர அடிக்கு நாலைந்து கிலோ பாரம் இருக்கும். அந்தப் பாரமே கூரையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. பழைய வீட்டுத் திண்ணையில் மரத்தூண் மண்ணுக்குள் போகாமல் கல்லின்மேல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி நிறுத்த முடிந்ததற்கு மேலே இருந்த ஓட்டின் கனமும் ஒரு காரணம். இன்றைக்கு நாம் போடும் தகரம் சதுர அடிக்கு அரைக் கிலோ தேறினால் அதிகம். அதற்குத் தாங்குகிற கால் தேவையில்லை, பிடித்து வைக்கிற கால்தான் தேவை. நாலு பக்கமும் திறந்த கொட்டகைக்குள் காற்று புகுந்தால் மேல்நோக்கித்தான் தள்ளும். கூரைக்கு மேலே போகும் காற்றும் சேர்ந்து உறிஞ்சும்.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடங்களுக்கான இந்திய தர விதிகளில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அடிப்படைக் காற்று வேகம் குறித்திருக்கிறார்கள். சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். திருச்சிக்கு 47. கோவைக்கும் மதுரைக்கும் 39. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. எல்லாத் தள்ளுபடியும் போக அதில் பாதி மட்டுமே கூரையைத் தூக்குகிறது என்று வையுங்கள், 7 கிலோ. உங்கள் கொட்டகையில் ஒரு காலின் பங்குக்கு வரும் கூரை பத்துக்குப் பத்து, நூறு சதுர அடி. ஆக ஒரு காலை 700 கிலோ மேலே இழுக்கிறது. தகரமும் பைப்பும் சேர்ந்து அந்த நூறு சதுர அடிக்கு நூறு கிலோ இருக்கலாம். மீதி 600 கிலோவைக் கீழே யார் பிடிப்பது?

கான்கிரீட்தான் பிடிக்க வேண்டும். ஒரு கன அடி கான்கிரீட் ஏறத்தாழ 68 கிலோ. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழியை இரண்டடி ஆழத்தோடு நிறுத்திவிட்டால் நாலரைக் கன அடி, சுமார் 300 கிலோதான் வரும். அதே குழியை நாலடிக்கு இறக்கினால் ஒன்பது கன அடி, 600 கிலோவைத் தாண்டிவிடும். சுற்றியிருக்கும் மண்ணின் பிடிப்பு அதற்கு மேல் கிடைக்கும் லாபம். கடற்கரை மாவட்டத்துக்காரர்களுக்கு நாலடி என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். கோவை, மதுரைப் பக்கம் நல்ல செம்மண்ணாக இருந்தால் மூன்றடி போதும்.

2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தது. அதற்குப் பிந்தைய வாரங்களில் அந்தப் பக்கம் கொட்டகைகளைச் சரிசெய்யப் போயிருந்தேன். ஒரு தோப்பில் நான் பார்த்ததை இன்றும் ஆட்களுக்குப் பாடமாகச் சொல்வதுண்டு. கூரையில் ஒரு திருகாணிகூடக் கழலவில்லை. தகரம் பைப்போடு, பைப் கான்கிரீட்டோடு அப்படியே பெயர்ந்து பக்கத்து வரப்பில் கவிழ்ந்து கிடந்தது. கால்களின் நுனியில் கான்கிரீட் முள்ளங்கி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது: மேலே பருமன், கீழே கூர்.

கடப்பாரையால் குழி எடுத்தவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கியிருக்கும். குனிந்து தோண்டும்போது கை எட்டாத ஆழத்தில் குழி தானாகவே குறுகிக்கொண்டு போகும். அதில் கான்கிரீட்டைக் கொட்டினால் ஆப்பு மாதிரி அமையும். கீழ்நோக்கி அழுத்தினால் நன்றாக நிற்கும், மேலே இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் ஆளிடம் ஒரே ஒரு வேலை கூடுதலாகக் கேளுங்கள். குழியின் கடைசி ஓரடியை மேல் வாயைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாண் அகலமாக்கிக் குடைந்து எடுக்கச் சொல்லுங்கள். குட்டைப் பிடி மண்வெட்டி இருந்தால் அரைமணி நேர வேலை. அப்புறம் அந்தக் காலை வெளியே எடுக்க வேண்டுமானால் மேலே இருக்கும் மண்ணையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

காலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவேயும் பிடி வேண்டும். பைப் வழவழப்பாக இருக்கும், கான்கிரீட்டை அங்கேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். அடிமுனையில் இரண்டு துண்டுக் கம்பியைக் குறுக்கே பற்றவைத்து இறக்குங்கள். காலை வெறும் மண்ணில் நிறுத்தாமல், குழியின் அடியில் நாலு அங்குலத்துக்கு ஜல்லிக் கான்கிரீட் போட்டு அது இறுகிய பிறகு அதன்மேல் நிறுத்துங்கள். தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் பார்த்து, முட்டுக் கொடுத்து, பிறகு குழியை நிரப்புங்கள். ஏழு நாள் தண்ணீர் விட்ட பிறகுதான் கூரை. "நாளைக்கே தகரம் ஏத்திடலாம்ண்ணே" என்று வெல்டர் சொல்வார். அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது. அவசரம் அவருடையது.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாத்தூர், கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல்காட்டு நேயர்கள் கவனிக்க வேண்டும். கோடையில் உங்கள் நிலத்தில் விழும் வெடிப்பில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். அது எவ்வளவு ஆழம் போகிறதோ அதற்குக் கீழேதான் காலின் அடி இருக்க வேண்டும். வெடிப்பு எட்டும் மட்டத்துக்குள் நின்றால் மழையில் மண் உப்பும்போது காலைத் தூக்கும், வெயிலில் சுருங்கும்போது இறக்கும். இரண்டு வருடத்தில் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு உயரத்தில் நிற்கும். கடலோர மணலில் வேறு சிக்கல். குழியின் பக்கம் சரிந்துகொண்டே இருப்பதால் அடியைக் குடைய முடியாது. அங்கே குழியையே அகலமாக எடுத்து, அடியில் அகன்ற கான்கிரீட் பலகை மாதிரி போட்டு, காலை அதில் கோத்துவிட்டு மேலே மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றி இறுக்க வேண்டும்.

இனி, என்ன கால் நடுவது?

கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. கல்கால் உங்கள் சொத்து. அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பழைய சாளையைப் பிரித்துப் புதுக்கொட்டகை போடப் போயிருந்தோம். கற்களை மாற்றிவிட்டுப் பைப் போடலாம் என்பது மகனின் யோசனை. அவருடைய அம்மா கையில் இருந்த அரிவாளின் பின்பக்கத்தால் கல்லை ஒரு தட்டுத் தட்டினார். கணீர் என்றது. "எங்கப்பாரு நட்ட கல்லுங்க தம்பி. இது எதுக்கு மாத்தோணும்?" என்றார். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனவர் ஒரு கல்லில் மட்டும் நின்றார். சத்தம் மொத்தையாக வந்தது. உள்ளே விரிசல். அந்த ஒன்றை மட்டும் மாற்றினோம். கருங்கல் வாங்குகிற யாருக்கும் இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: கல் பாரம் தாங்கும், வளைவு தாங்காது. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது முறியலாம். அதனால் கல்காலுக்கு உயரத்தைக் குறையுங்கள், மேலே எல்லாக் கால்களையும் ஒரே சட்டத்தில் பிணைத்துவிடுங்கள்.

மரம் நடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நட்ட மரம் நுனியிலும் இற்றுப்போவதில்லை, ஆழத்திலும் அவ்வளவாக இற்றுப்போவதில்லை. மண்மட்டத்தை ஒட்டி மேலும் கீழும் ஒரு சாண், அங்கேதான் இற்றுப்போகும். பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலே ஈரமில்லை, ஆழத்தில் காற்றில்லை, இரண்டும் சந்திக்கிற இடம் அந்த ஒரு சாண்தான். கரையானுக்கும் அதுதான் வாசல். சவுக்குக் கழி மலிவுதான், ஆனால் மண்ணில் சில வருடத்துக்கு மேல் நிற்காது. தற்காலிகப் பந்தலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடிமுனையைத் தீயில் வாட்டுவதும் கழிவு எண்ணெய் பூசுவதும் மேல்தோலோடு நின்றுவிடும் வைத்தியம். தவிரவும், எண்ணெய் பூசிய காலை மாடு நக்கும். பனை என்றால் முற்றின மரமாக, வெளிவைரம் கனமாக, உள்சோறு நீக்கியதாகப் பாருங்கள். பழைய கட்டடத்தைப் பிரித்த பனஞ்சட்டம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கொட்டகைக்காக நிற்கிற பனையை வெட்டக் கிளம்பிவிடாதீர்கள். அது நம் மாநில மரம், வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்திருக்கிறது.

அமெரிக்காவில் 1930களில் இதே மாதிரி கொட்டகைகள் பரவின. கழித்துப் போட்ட மின்கம்பங்களும் தொலைபேசிக் கம்பங்களும் அதற்கு உதவின. அவை ஏற்கெனவே மருந்தெண்ணெய் ஊட்டப்பட்ட மரங்கள், அதனால் மண்ணில் பல பத்தாண்டு நின்றன. அங்கே குளிர்காலத்தில் தரை எவ்வளவு ஆழம் உறைகிறதோ அதற்குக் கீழே காலை இறக்குவார்கள். நமக்கு உறைபனித் தொல்லை இல்லை, கரிசல் வெடிப்பு இருக்கிறது. காரணம் வேறாக இருந்தாலும் ஆழம் தப்பாது.

இரும்பு பைப் போட்டவர்கள் 'இற்றுப்போகும் கதை நமக்கில்லை' என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். ஒரு பால்பண்ணையில் வாசலில் இருந்து பார்த்தால் பளபளவென்று பெயின்ட் அடித்த கால்கள். மாடுகளின் பின்பக்க வரிசையில், தரையை ஒட்டிப் படிந்திருந்த சாணத்தைத் தள்ளிவிட்டு ஓர் ஆணியால் அழுத்தினேன். ஆணி உள்ளே போய்விட்டது. பைப்பின் பலம் அந்த இடத்தில் பெயின்ட்டின் பலம்தான். மூத்திரத்தின் உப்பும் ஈரமும் இரும்பை அரிக்கும். எனவே கான்கிரீட்டைத் தரைமட்டத்தோடு நிறுத்தாதீர்கள். தரைக்கு மேலே ஓரடி உயர்த்தி, அதன் தலையைச் சரிவாகப் பூசுங்கள். தண்ணீர் வழிந்து ஓட வேண்டும், காலைச் சுற்றித் தேங்கக்கூடாது. சிமென்ட்டும் கூலியும் சேர்ந்து காலுக்குச் சில நூறு ரூபாய் கூடும், அவ்வளவுதான்.

இரும்புக் கொட்டகையில் விளக்கோ தீவனம் நறுக்கும் இயந்திரமோ வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். ஒயர் தேய்ந்து பைப்பில் பட்டால் கொட்டகை முழுவதும் மின்சாரம். நமக்குச் சுருக்கென்று படுகிற அளவு மாட்டைக் கொன்றுவிடும். ஈரத்தரையில் நாலு காலில் நிற்கிறது, செருப்பு கிடையாது. கொட்டகைக்குத் தனியாக எர்த் போடுங்கள், மின்கசிவு ஏற்பட்டதும் தானே துண்டிக்கும் கருவியையும் பொருத்துங்கள். ஒரு கறவை மாட்டின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கூரைக்கு ஓடி வருகிறேன். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், மத்தியான வெயில் உள்ளே வராது. பசு ஒன்றுக்குக் கூரைக்கடியில் மூன்றரைச் சதுர மீட்டர், எருமைக்கு நாலு. தாழ்வாரம் எட்டடிக்குக் குறைய வேண்டாம். தரைக்கு நாற்பதடிக்கு ஓரடி சரிவு கொடுத்தால் கழுவிய தண்ணீர் தானாக வாய்க்காலுக்குப் போகும். மூலைக் கால்களில் சட்டத்துக்கும் காலுக்கும் குறுக்கே முட்டுக்கை கட்டாயம். தகரத்தில் திருகாணியை மேட்டில் அடியுங்கள், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். ஓரங்களிலும் மூலைகளிலும் நெருக்கமாக அடியுங்கள், காற்று முதலில் பிய்ப்பது அங்கேதான். ஆட்டுக்குப் பரண் போடுவதைப் பற்றி நேயர்கள் கேட்டு எழுதியிருந்தார்கள். அதற்கு இன்னொரு நாள் வாய்ப்புக் கொடுத்தால் வருகிறேன்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். புதிதாகப் போடுகிறவர்கள் அதற்குள் குழி எடுத்துக் காலை நிறுத்திவிடுங்கள். குழி நிரப்பும் அன்று வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று நானும் சொல்ல முடியாது, கொத்தனாரும் சொல்ல மாட்டார். ஏற்கெனவே கொட்டகை வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு காலின் அடியிலும் குத்திப் பாருங்கள்.