பாட்டின் வழியே பிரசாரம்



நல்ல விஷயங்களை ஜனங்களுக்கு எடுத்துரைக்கத் துண்டுப் பிரசுரங்கள் ஏராளமாக அச்சிடப்படுகின்றன. அவற்றுள் பல, கடைகளில் பொட்டலம் மடிக்கவே உதவுகின்றன. செவி வழியே புகுந்த பாட்டு அவ்வாறு வீணாவதில்லை. இதற்கு அத்தாட்சி போடிநாயக்கனூருக்குத் தெற்கே, மலையடிவாரத்திலுள்ள பண்ணைப்புரத்திலேயே உண்டு.

அவ்வூரினரான பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்டுக் கட்சியின் மேடைகளில் பாடிவந்தவர். 1956-ல் மொழிவாரியாக இராஜ்யங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம் கேரளத்தில் சேர்ந்தது; ஆயினும் அங்கே தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். 1958-ல் அத்தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. மலையாளப் பிரசங்கம் எத்துணைச் சிறந்ததாயினும் லயங்களில் வசித்த அவர்களுக்கு எங்ஙனம் விளங்கும்? வரதராஜன் மலையேறிச் சென்று, ஜனங்களின் நாவில் ஏற்கெனவே இருந்த சினிமா மெட்டுகளில் தம் சொற்களை அமைத்துப் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். எக்கட்சி வென்றது என்பது ஈண்டுப் பேச்சன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும் விஷயத்தை அறிந்துகொண்டனர் என்பதே பேச்சு. (அவர் தம்பியருள் ஒருவரே பிற்காலத்தில் இளையராஜா எனப் புகழ்பெற்றவர்.)

இதற்கு முன்பே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இவ்வழியைக் காட்டியிருந்தார். பழைய கதாகாலட்சேப முறையிலேயே, ஏழைப் பையன் பள்ளி சென்று முன்னேறும் கதையைக் 'கிந்தனார்' என்று நகைச்சுவை ததும்பச் சொன்னார். 1949-ல் வெளிவந்த 'நல்ல தம்பி' படத்தின் மூலம் அது கொட்டகைதோறும் சென்றது.

இனி ஏலமலைக்கு வருவோம். விடியற்காலையில் போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். இத்தகைய வண்டிகள் மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்ததும் உண்டு. இது பற்றிப் பாட்டுக் கட்டுவோர் உடனே, "அளவுக்கு மிஞ்சி ஏறாதே" என்று அப்பெண்களுக்கே புத்தி சொல்லப் புகுவர். அது வீண் வேலை. ஏலக்காய் பறிப்பவளுக்கு அபாயம் தெரியாதா? தெரியும். அந்த வண்டியை விட்டால் அன்றைக்குக் கூலி இல்லை என்பதும் தெரியும்.

ஆகையால் பாட்டு, வண்டிக்காரரையும் ஆள் அனுப்பும் கங்காணியையும் தோட்ட முதலாளியையும் நோக்கிப் பாடப்பட வேண்டும். அதை முதலில் அப்பெண்களிடம் பாடிக் காட்டி, அவர்கள் திருத்தும் சொல்லைத் திருத்திக்கொள்வது அவசியம். பாட வேண்டிய இடமும் லயத்து வாசலன்று. ஏலக்காய் வியாபாரம் நடக்கும் போடி நகரமே.